வீட்டுக்கு ஆகாது

ஞாயிறு வகுப்பு டீச்சர் வாட்ஸ்அப் புலனத்தில் அனுப்பிய செய்தியில் 'மலை' என்ற சொல்லே இல்லை. 'இயற்கை நடை' என்றுதான் இருந்தது. காலையில் பொட்டானிக்கல் கார்டன் வாசலில் பிள்ளைகள் கூட வேண்டும், கூட ஒரு பெரியவர் வரலாம், மழைக்கோட்டு கட்டாயம், அட்டை இருக்கும், பயப்பட வேண்டாம், உப்பு கொண்டு வரவும். கடைசியில் ஒரு சிரிக்கும் மஞ்சள் முகம். அதை என் தோளுக்குப் பின்னால் நின்று படித்துவிட்டு என் மகள் கேட்ட முதல் கேள்வி, "ம்மா, இது மலையா, தோட்டமா?" என்பது.

"தோட்டம்" என்றேன். கார்டன் என்றால் தோட்டம்தானே. மலாயிலும் அதற்குப் பூந்தோட்டம் என்றுதான் பெயர். நான் பொய் சொல்லவில்லை, யோசித்தும் சொல்லவில்லை. அந்த வருடம் முழுக்க எனக்கு யோசிப்பது என்ற பழக்கமே விட்டுப்போயிருந்தது. கேட்டால் பதில், விடிந்தால் வேலை, இருட்டினால் படுக்கை என்று நாள் ஓடியது.

அவளுக்கு அப்போது பத்து வயது. பத்து வயதுப் பிள்ளை சுற்றுலா என்றதும் என்ன எடுத்துப்போகலாம், என்ன தின்னலாம் என்று கேட்காமல் மலையா தோட்டமா என்று ஏன் கேட்டாள் என்பதைச் சொல்ல, அந்த வருடத் தைப்பூசத்துக்குப் போக வேண்டும்.

தீபாவளி முடிந்து முறுக்கு டப்பாவில் பாதி மிச்சம் இருந்தபோதே என் கணவர் இறந்துவிட்டார். அதனால் அந்தத் தைப்பூசத்துக்கு நாங்கள் தண்ணீர்மலைக் கோயிலுக்கு ஏறவில்லை. அடிவாரத்தில் ஒரு தண்ணீர்ப் பந்தலில் மோர் ஊற்றிக் கொடுத்துக்கொண்டு நின்றோம். அவருடைய அக்காவும் பாகான் டாலாமிலிருந்து வந்து கூட நின்றார். மகளின் பள்ளித் தோழிகள் கூட்டமாகப் படியேறப் போனார்கள். இவளும் அவர்கள் பின்னால் நடந்தாள். அத்தைக்காரி மோர்க் கரண்டியைப் போட்டுவிட்டு ஓடிப்போய் அவள் மணிக்கட்டைப் பிடித்தார்.

"எங்க போற நீ? ஒரு வருசத்துக்கு மலை ஏறக்கூடாது நாம."

"ஏறினா?"

"ஏறினா வீட்டுக்கு ஆகாது."

வெயிலில் நிற்காதே என்று சொல்வதைப் போல, எந்த அழுத்தமும் இல்லாமல்தான் அவர் அதைச் சொன்னார். பிறகு மறுபடி மோர் ஊற்றப் போய்விட்டார். நானும் சிறு வயதிலிருந்து கேட்டுப் பழகிய வழக்கம்தான் அது. சாவு விழுந்த வீட்டுக்காரர்கள் வருடம் திரும்பும்வரை மலைக்கோயில் ஏறுவதில்லை. யாரும் ஏன் என்று கேட்டதில்லை, கேட்டாலும் பதில் சொல்ல ஆளில்லை.

என் மகள் விடவில்லை. வீட்டுக்கு வந்து காலணியைக் கழற்றும்போது கேட்டாள்.

"ம்மா, வீட்டுக்கு ஆகாதுன்னா யாருக்கு ஆகாது?"

"வீட்டுக்குத்தான்."

"வீட்டுல நாம ரெண்டு பேருதானே இருக்கோம்."

நான் அரிசியை எடுத்துக் களைய ஆரம்பித்தேன்.

"அப்ப, எனக்கு ஆகாது. இல்லேன்னா உனக்கு ஆகாது."

"ஒன்னும் இல்ல. போய்க் குளி" என்றேன்.

அதன் பிறகு அவள் மேடு என்ற எதையும் நம்பவில்லை. பள்ளித் திடலுக்குப் போகும் சரிவைச் சுற்றிக்கொண்டு போனாள். அத்தை வீட்டுக்குப் போகும்போது பினாங்குப் பாலம் நடுவில் உயர்ந்து போகிறதே, காடியில் உட்கார்ந்து போனாலும் அது ஏறினதாகுமா என்று கேட்டாள். எங்கள் அடுக்குமாடியில் லிஃப்ட் கணக்கில் வராது என்று அவளாகவே தீர்மானித்துக்கொண்டாள்; வந்தால் எங்களுக்குப் போக வேறு வீடு இல்லை. நான் இதையெல்லாம் பார்த்தேன். பார்த்தேன் என்பதற்கு மேல் ஒன்றும் செய்யவில்லை.

அவர் இறந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில். நான் பாசாருக்குப் போயிருந்தேன். வீட்டில் அவரும் மகளும் மட்டும். மீனும் கீரையுமாக லிஃப்டிலிருந்து வெளியே வந்தபோது பக்கத்து வீட்டுச் சீன ஆன்டி எங்கள் வாசலில் நின்று என்னைப் பார்த்துக் கையை உதறிக்கொண்டிருந்தார். மகள்தான் அவரைப் போய்க் கூப்பிட்டிருக்கிறாள். ஆம்புலன்ஸ் வந்தது. மாரடைப்பு என்றார்கள். நாற்பத்து ஐந்து வயது, சிகரெட் கிடையாது, வாரம் ஒருநாள் பூப்பந்து.

மருத்துவமனைக்கு அவருடைய அக்கா வந்து சேர்ந்ததும் முதலில் என் மகளைத்தான் கட்டிக்கொண்டார்.

"அப்பா ஏதாச்சும் சொன்னாராடா கண்ணு? போறதுக்கு முன்னாடி ஏதாச்சும் சொன்னாரா?"

"ஒன்னும் இல்ல" என்றாள் மகள்.

டாக்டரும் கேட்டார், நானும் கேட்டேன். அதே பதில்தான். அந்தப் பதில் மூன்று நாளில் பட்டர்வொர்த்திலிருந்து கெப்பாலா பத்தாஸ் வரைக்கும் எல்லா உறவுகளுக்கும் போய்ச் சேர்ந்தது. "ஒன்னும் சொல்லாமலே போய்ட்டான் என் தம்பி" என்று அண்ணி மாரில் அடித்துக்கொண்டு அழுதார். வந்தவர்களெல்லாம் அதையே எடுத்துக்கொண்டார்கள். பாவம், ஒரு வார்த்தை பேசாமல் போய்ட்டாரே.

எனக்கு அழுகை வரவில்லை. கோபம் வந்தது. பேச்சில் அந்த மனிதரை மிஞ்ச ஆள் கிடையாது. நாசி கண்டார் கடை வரிசையில் முன்னால் நிற்பவரிடம், சாப்பாடு வாங்கி முடிப்பதற்குள், எந்த ஊர், எத்தனை பிள்ளை என்று கேட்டுவிடுவார். தவறாக வந்த போன் அழைப்பைக்கூட உடனே வைக்க மாட்டார். அப்படிப்பட்ட வாய், கடைசியில் எனக்கென்று ஒரு வார்த்தை வைக்காமல் மூடிக்கொண்டது. கொஞ்ச நாளில் அந்தக் கோபமும் போய்விட்டது. அதன் இடத்தில் வேறு எதுவும் வரவில்லை.

பல் பிடுங்க ஊசி போட்டால் கன்னம் இருக்கும், ஆனால் நம்முடையதாக இருக்காது. நான் தலையிலிருந்து கால்வரை அப்படி இருந்தேன். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் தரம் பார்க்கும் பிரிவில் எனக்கு வேலை. பூதக்கண்ணாடிக்குக் கீழே வருகிற சில்லுகளைப் பார்த்து நல்லது, கெட்டது என்று ஒதுக்க வேண்டும். அந்த வருடம் நான் ஒரு பிழைகூட விடவில்லை என்று மேலாளர் பாராட்டினார். மரத்துப்போனவளுக்கு அது பொருத்தமான வேலைதான். வீட்டில் இஸ்திரிப் பெட்டி கையில் பட்டது, தோல் நிறம் மாறியதைப் பார்த்துத்தான் தெரிந்தது. சம்பாலில் உறைப்பு இல்லை என்று மிளகாயைக் கூட்டிக்கொண்டே போய், ஒருநாள் மகள் கண்ணில் நீர் வழியத் தட்டைத் தள்ளி வைத்தாள்.

வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோருக்கும் வைத்தியம் தெரிந்திருந்தது. "அழுதுடும்மா, அழுதா சரியாப் போயிடும்." குழாயைத் திறந்துவிடு என்பதைப் போலச் சொன்னார்கள். சொல்லிவிட்டு, எப்போது திறக்கும் என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டு காப்பி குடித்தார்கள். குடித்து முடித்தும் ஒன்றும் நடக்காததால் சிலர் ஏமாற்றத்தோடுதான் எழுந்து போனார்கள்.

மகளும் அழவில்லை. அவள் என்னைக் காவல் காத்தாள். நான் நெற்றியைத் தொட்டால் "வலிக்குதாம்மா?" என்பாள். இருமினால் எழுந்து வருவாள். குளியலறைக் கதவுக்கு வெளியே வீட்டுப் பாடத்தைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். "வலிக்குதா?" "ஒன்னும் இல்ல." "முகம் ஏன் இப்படி இருக்கு?" "ஒன்னும் இல்ல." எங்கள் வீடுகளில் எதற்கும் அதுதானே பதில். காய்ச்சலுக்கும் அது, கடனுக்கும் அது, புருசன் பெண்டாட்டிச் சண்டைக்கும் அது. நான் சொல்லச் சொல்ல அவள் முகம் இன்னும் சிறுத்துப்போனது. ஏன் என்று எனக்கு விளங்கவில்லை, விளங்கிக்கொள்ள முயற்சியும் செய்யவில்லை.

இயற்கை நடைக்கு முந்தின நாள் அண்ணி போன் செய்தார்.

"நாளைக்கு வகுப்புல எங்கயோ கூட்டிட்டுப் போறாங்களாமே. மலையா?"

"கார்டன்தான் அண்ணி."

"கார்டன்னா சரி. இன்னும் ரெண்டு மாசம்தான். தலைத் திவசம் முடியட்டும், அப்புறம் எங்க வேணும்னாலும் ஏறுங்க."

ஒலிபெருக்கியில் இருந்ததால் மகளும் கேட்டாள். அத்தையே சரி என்று சொன்ன பிறகுதான் அவள் பையை எடுத்து வைக்க ஆரம்பித்தாள்.

மறுநாள் காலை தூறிக்கொண்டிருந்தது. ஆகஸ்டு, செப்டம்பரில் பினாங்கில் மழை எப்போது விடும், எப்போது பிடிக்கும் என்று சொல்ல முடியாது. கார்டன் வாசலில் பிள்ளைகள் நீலம், மஞ்சள், ரோஸ் என்று மெல்லிய பிளாஸ்டிக் மழைக்கோட்டுகளில் நின்று கத்திக்கொண்டிருந்தார்கள். குரங்குகள் கூரை மேல் உட்கார்ந்து யார் பையில் ரொட்டி இருக்கிறது என்று நோட்டம் விட்டன. டீச்சர் இளம் பெண். கழுத்தில் விசில், காலில் புதுச் சப்பாத்து, குரலில் ஒரு பட்டாளத்துக்கே போதுமான உற்சாகம். என்னைத் தவிரப் பெரியவர் என்று இன்னொருவர்தான் வந்திருந்தார். ஒரு பிள்ளையின் அப்பா, முதுகில் கூடாரமே இருக்கும் போல ஒரு பெரிய பை.

டீச்சர் எல்லோரையும் உப்பை எடுத்துக் காட்டச் சொன்னார். ஒரு சிறுமி மட்டும் உப்போடு சேர்த்துச் சுருட்டிய மணிலா அட்டை ஒன்றையும் எடுத்து நீட்டினாள். மழையில் நனையாதபடி அதற்கும் ஒரு பிளாஸ்டிக் உறை போட்டிருந்தாள்.

"இது எதுக்கும்மா?"

"நீங்கதான் டீச்சர் அட்டை இருக்கும்னு போட்டீங்க. இல்லேன்னா என்ன பண்றதுன்னு நானே கொண்டாந்தேன்."

பெரிய பைக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். "இது அந்த அட்டை இல்ல லா பாப்பா. ரத்தம் குடிக்கிற அட்டை. பாச்சாட், பாச்சாட்." அந்தச் சிறுமி முகம் வெளுத்து அட்டையைச் சுருட்டிக்கொண்டாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் வாயை அந்த மாதிரி வைத்துக்கொண்டேன்.

கொஞ்ச தூரம் தார்ச் சாலை. பிறகு ஒரு பழைய வட்ட வாசலைத் தாண்டியதும் காட்டுக்குள் படிகள் தொடங்கின. கல்லும் வேரும் கலந்த படிகள், மழையில் பாசி பிடித்துப் பளபளத்தன. மகள் என் கையைப் பிடித்தாள்.

"கார்டன்ல எதுக்கும்மா படிக்கட்டு?"

"மேட்டுல பூ வச்சிருப்பாங்க."

ஏறினோம். மழை வலுத்தது. இலைகள் மேல் விழுந்து பிறகு எங்கள் மேல் விழுந்ததால் ஒவ்வொரு துளியும் கனமாக இருந்தது. பிளாஸ்டிக்குக்குள்ளே வியர்வை, வெளியே மழை, இரண்டும் எனக்கு ஒன்றுதான். நடுவழியில் ஓர் ஓய்விடம் உண்டு, தினமும் மலையேறும் சீனத் தாத்தாக்கள் அங்கே தேநீர் போட்டு வருகிறவர்களுக்கெல்லாம் கொடுப்பார்கள், அதுவரை போய்த் திரும்பலாம் என்று பெரிய பைக்காரர் யாரும் கேட்காமலே சொல்லிக்கொண்டு வந்தார். அவர் பேசுவதைக் கேட்க எனக்கு என் கணவரைப் போலவே இருந்தது. அதனால் நான் கொஞ்சம் பின்தங்கி நடந்தேன்.

பிள்ளைகள் சிணுங்க ஆரம்பித்ததும் டீச்சர் நின்று விசில் ஊதினார். வகுப்பில் செய்வதை இங்கேயும் செய்யலாம் என்று அவருக்குத் தோன்றிவிட்டது.

"எல்லாரும் நாக்கை மடிங்க. என் பின்னால சொல்லுங்க. மலையில் மழை!"

"மலையில் மலை!" என்றது கூட்டம்.

"இல்ல, இல்ல. மழை. நாக்கு மேல போகணும். மலையில் மழை!"

"மலையில் மலை!"

இந்த ஊரில் பாதிப்பேருக்கு ழகரம் வராது. என் கணவருக்கும் வராது. 'வாலைப்பழம்' என்பார். டீச்சர் விடாமல் இன்னொரு முறை சொல்ல வாயெடுத்தபோது என் மகள் கையைத் தூக்கினாள்.

"டீச்சர், ஏன் மலையில மழைன்னு சொல்றீங்க? இது கார்டன்தானே?"

"கார்டனைத் தாண்டி எப்பவோ வந்துட்டோமே! இது மலைம்மா. கொடிமலை. இப்படியே போனா உச்சிக்கே போகலாம். நாம பாதி ஏறிட்டோம், கை தட்டுங்க!"

எல்லோரும் கை தட்டினார்கள். மகள் தட்டவில்லை. என் கையை விட்டுவிட்டு மழைக்கோட்டின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"ம்மா, எறங்கிடலாம்."

"பாதி வந்தாச்சு."

"நாம ஏறிட்டோம்மா. வீட்டுக்கு ஆகாதும்மா."

பிள்ளைகள் எங்களைத் தாண்டி ஏறிப் போனார்கள். அவளுடைய உதடு வெளுத்திருந்தது. அவள் எதற்குப் பயப்படுகிறாள் என்று எனக்கு நன்றாகவே தெரியும். வீட்டில் இரண்டே பேர், அதில் ஒருத்தி நான். தெரிந்தும் அது எனக்குள் எங்கேயும் போய்ப் படவில்லை. ஆறுதல் சொல்ல வேண்டிய இடம் இது என்பது மட்டும் தெரிந்தது.

"ஒன்னும் இல்ல, வா" என்றேன்.

வந்தாள். பின்னாலிருந்து என் காலடியையே பார்த்துக்கொண்டு வந்தாள் போலிருக்கிறது. அதனால்தான் அவள் கண்ணில் அது முதலில் பட்டது.

"ம்மா. ரத்தம்."

குனிந்து பார்த்தேன். இடது கணுக்காலில் என் வெள்ளைக் காலுறை சிவப்பாகியிருந்தது. விளிம்புக்குக் கொஞ்சம் மேலே சுண்டுவிரல் பருமனில் ஓர் அட்டை, குடித்துக் குடித்து உருண்டு, தானாகவே கழன்று விழுகிற நிலையில் தொங்கியது. இன்னொன்று ஏற்கனவே விழுந்துவிட்டது போல. அது இருந்த இடத்திலிருந்து ரத்தம் நிற்காமல் வந்தது. மழைத்தண்ணீர் அதைக் கரைத்துக் காலெல்லாம் பரப்பிச் சப்பாத்துக்குள் இறக்கியது. பார்ப்பதற்குக் கால் அறுபட்டது போலத்தான் இருந்தது. எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. அட்டை கடித்தால் தெரியாது என்பார்கள், அது கடிக்கும்போதே மரக்க வைத்துவிடுமாம். என்னிடம் அது வீணாக மெனக்கெட்டிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

பெரிய பைக்காரர் மேலிருந்து எட்டிப் பார்த்து, "உப்பு போடுங்கக்கா, பயப்படாதீங்க, ரத்தம் கொஞ்ச நேரம் வரும்" என்றார். உப்பைப் போட்டேன். அட்டை சுருண்டு கல் மேல் விழுந்தது. ரத்தம் இன்னும் அதிகமாக வந்தது.

மகள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"வலிக்குதாம்மா?"

"ஒன்னும் இல்ல. வலிக்கவே இல்ல" என்றேன்.

அந்த வருடத்தில் நான் சொன்ன முழு உண்மை அது ஒன்றுதான். ஆனால் அதைக் கேட்டதும் அவள் சேற்றில், அந்த ஈரப் படியில், அப்படியே உட்கார்ந்துவிட்டாள். மூச்சு மேலும் கீழும் வாங்கியது.

"அப்பாவும் இப்படித்தான் சொன்னாரு."

"என்ன சொன்னாரு?"

"ஒன்னும் இல்ல."

"அதான் அன்னைக்கே சொன்னியே, அப்பா ஒன்னும் சொல்லலன்னு."

"இல்லம்மா!" அவள் கத்தினாள். பத்து மாதத்தில் அவள் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. "சொன்னாரு! நெஞ்சுல மிஞ்ஞாக் அங்கின் தைலம் தேச்சுக்கிட்டே இருந்தாரு. நான் வலிக்குதாப்பான்னு கேட்டேன். 'ஒன்னும் இல்ல லா, காத்துதான், நீ போய் டிவி பாரு'ன்னு சொன்னாரு. நான் போய்ட்டேன். திரும்பி வந்தா அவரு பேசல."

நான் அவள் எதிரே படியில் உட்கார்ந்தேன்.

"அத்தை கேட்டாங்க, அப்பா என்ன சொன்னாருன்னு. ஒன்னும் இல்லன்னு சொன்னேன். டாக்டர் கேட்டாரு, ஒன்னும் இல்லன்னு சொன்னேன். நீ கேட்ட, உன்கிட்டயும் சொன்னேன். எல்லார்கிட்டயும் சொன்னேனேம்மா. அதுக்கு மேல யாரும் என்னை ஒன்னுமே கேக்கல."

அவள் எல்லோரிடமும் அவர் சொன்னதைத்தான் சொல்லியிருக்கிறாள். அவர் வாயிலிருந்து வந்ததை ஓர் எழுத்து மாறாமல் சொல்லியிருக்கிறாள். நாங்கள்தான் அவர் எதுவும் சொல்லவில்லை என்று கேட்டுக்கொண்டோம். டாக்டர், அண்ணி, நான், பட்டர்வொர்த்திலிருந்து கெப்பாலா பத்தாஸ் வரை அத்தனை பேரும்.

எனக்கு முதலில் வந்தது சிரிப்பு. நிஜமாகவே சிரித்தேன், அவள் பயந்து பார்த்தாள். போயும் போயும் இதுதானா? ஊரெல்லாம் பேசித் தீர்த்துவிட்டு, கடைசியில் பிள்ளையிடம் விட்டுப்போன வார்த்தை இதுதானா? மிஞ்ஞாக் அங்கின் வாடையோடு, சோபாவில் சாய்ந்துகொண்டு, காத்துதான் என்று அவர் சொல்வது எனக்கு அப்படியே கேட்டது. பக்கத்தில் நிற்கிறவரிடம் பேசுகிற அதே குரல். மகளைப் பயமுறுத்தக் கூடாது என்று அவர் செய்த வேலை அது. அதையே நான் பத்து மாதமாகத் தினமும் அவளிடம் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். நெற்றியைத் தொடும்போதெல்லாம், இருமும்போதெல்லாம், குளியலறைக் கதவுக்கு உள்ளேயிருந்தும். அவளுக்குத் தெரிந்தவரை, சாகப் போகிறவர்கள் சொல்கிற சொல் அது.

என் அடிவயிற்றில் ஏதோ பிடித்து முறுக்கியது. அது வலிதான் என்று கண்டுபிடிக்கவே எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

"மறுபடி கேளு" என்றேன்.

"என்ன?"

"வலிக்குதான்னு என்னை மறுபடி கேளு."

மூக்கைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு கேட்டாள். "வலிக்குதா?"

"வலிக்குது."

அவள் என் முகத்தை உற்றுப் பார்த்தாள். பொய்யா என்று பார்க்கிறாள் என்று புரிந்தது. "எங்க வலிக்குது?"

"கால்ல வலிக்குது. முட்டியில வலிக்குது. வயித்துல வலிக்குது. அப்பா செத்துப் போனதுலேர்ந்து எல்லா இடத்துலயும் வலிக்குது. சொல்லத் தெரியாம இருந்துட்டேன்."

அவள் தலையாட்டினாள். டாக்டர் தலையாட்டுவது போல, இப்போது சரியான தகவல் கிடைத்தது என்பதைப் போல ஆட்டினாள். பிறகு எழுந்து, மேலே நின்றுகொண்டிருந்த டீச்சரைப் பார்த்துக் கத்தினாள்.

"டீச்சர்! அம்மாவுக்கு வலிக்குது! நாங்க எறங்குறோம்!"

டீச்சர் பதறிப்போய்க் கீழே வரப் பார்த்தார். வேண்டாம், நடக்க முடியும் என்று கையைக் காட்டினேன். பெரிய பைக்காரர் ஒரு பிளாஸ்டரைப் பிள்ளைகள் கைவழியாகக் கீழே அனுப்பினார். மகள் அதை என் கணுக்காலில் ஒட்டினாள். ஈரத்தில் அது நிற்கவில்லை. மணிலா அட்டை கொண்டுவந்த சிறுமி தன்னுடைய கைக்குட்டையைக் கொடுத்தாள். அதை வைத்து இறுக்கிக் கட்டிவிட்டு இருவரும் இறங்கத் தொடங்கினோம்.

இறங்குவது ஏறுவதைவிடக் கஷ்டம். கல் வழுக்கியது. அவள் முன்னால் ஒரு படி இறங்கி, திரும்பி எனக்குக் கை கொடுத்தாள். சில படிகளுக்கு ஒருமுறை கேட்டுக்கொண்டே வந்தாள்.

"இப்ப வலிக்குதா?"

"முட்டி ரொம்ப வலிக்குது."

"இப்ப?"

"நகக்கண்ல வலிக்குது. சப்பாத்து இடிக்குது."

அவள் கேட்கக் கேட்க நான் தேடித் தேடிச் சொன்னேன். முதலில் அவளுக்காகத்தான் சொன்னேன். பிறகு தேட வேண்டியிருக்கவில்லை. இஸ்திரிப் பெட்டி சுட்ட இடம்கூட, தழும்பாகிப் போனதே, அதுவும் வலிப்பது போலிருந்தது. கண் எரிந்தது. ஒரு திருப்பத்தில் கிளையைப் பிடித்துக்கொண்டு நின்று அழுதேன். சத்தம் போட்டு, காப்பி குடித்துவிட்டுப் போனவர்கள் பார்த்திருந்தால் திருப்திப்பட்டிருப்பார்கள், அப்படி அழுதேன். மகள் பயப்படவில்லை. என் மழைக்கோட்டின் தலைமூடியை இழுத்துச் சரியாகப் போட்டுவிட்டு, பக்கத்தில் நின்று தானும் அழுதாள்.

"பாதி ஏறுனா கணக்கில்லதானே?" என்று கீழ்ப் படிகளில் கேட்டாள்.

"தெரியலடா."

அந்தப் பதில் அவளுக்குப் போதுமானதாக இருந்தது.

தார்ச் சாலைக்கு வந்தபோது மழை தூறலாகக் குறைந்திருந்தது. அட்டை போட்ட மயக்கம் தெளிந்து, கடிவாயில் எரிச்சலும் அரிப்பும் ஆரம்பித்திருந்தன. கார்டன் வாசலில் ஒரு குரங்கு யாருடைய ரொட்டிப் பொட்டலத்தையோ தூக்கிக்கொண்டு கூரையில் ஏறியது. மகள் அதைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"இன்னும் வலிக்குதாம்மா?"

"ரொம்ப" என்றேன்.

அவள் பெருமூச்சு விட்டாள். என் கையை விட்டாள். நான் வலியோடு அங்கே நின்றுகொண்டிருக்க, பத்து மாதத்தில் முதல்முறையாக, என்னைத் திரும்பிப் பார்க்காமல் குரங்கின் பின்னால் ஓடினாள்.